காற்றைக் குமிழில் ஏற்றாதீர்கள்

(ரைஃபிள் சுடும் விளையாட்டில் பயிற்சி பெறும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டு பேர் வாசலிலேயே மடக்கினார்கள். "சார், ஒரு திருகைத் தொடாதே என்று சொல்ல ஒரு மணி நேரமா?" நியாயமான கேள்விதான். தொடாதே என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். ஆனால் ஏன் தொடக்கூடாது, யார் தொடலாம், தொடாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் என்னென்ன ஒழுங்காக நடந்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

ஸ்கோப்பைப் பற்றி அதிகம் தெரியாதவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு நிமிடம். ரைஃபிளின் முதுகில் பொருத்தியிருக்கும் ஸ்கோப்பில் இரண்டு குமிழ்கள் முக்கியம். உச்சியில் இருப்பது எலிவேஷன். தோட்டா படும் இடத்தை மேலும் கீழும் நகர்த்தும். வலப்பக்கம் இருப்பது விண்டேஜ். இடமும் வலமும் நகர்த்தும். இடப்பக்கமும் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் பாரலாக்ஸுக்கு. இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். குமிழைத் திருப்பும்போது விரல் நுனியில் டிக், டிக் என்று தட்டும். ஒரு தட்டு ஒரு கிளிக். மில் கணக்கில் செய்த ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது பொதுவாக 0.1 மில். 100 மீட்டரில் அது 1 சென்டிமீட்டர், 1000 மீட்டரில் 10 சென்டிமீட்டர். எம்.ஓ.ஏ. கணக்கில் செய்ததென்றால் பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ.; 100 கஜத்தில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்.

எலிவேஷன் குமிழைத் திருகுங்கள், தாராளமாகத் திருகுங்கள். தூரம் தெரியும், தோட்டாவின் வேகம் தெரியும், அது எவ்வளவு விழும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. புவியீர்ப்பு மனம் மாறுவதில்லை. குறி 700 மீட்டரில் இருந்தால் முதல் தோட்டாவுக்கும் பத்தாவது தோட்டாவுக்கும் அதே எண்தான். காற்று அப்படியா? அது நாம் அளந்து அறிவதல்ல, ஊகிப்பது. அந்த ஊகமும் நீங்கள் மூச்சை அடக்கி விசையில் விரலை வைப்பதற்குள் பழசாகிவிடும். அதனால் இன்று நான் வாதாடப்போவது இதற்குத்தான்: விண்டேஜ் குமிழில் தெரியும் எண் உங்கள் துப்பாக்கியைப் பற்றியதாக இருக்க வேண்டும். அன்றைய வானிலையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. துப்பாக்கிக்கு ஜீரோ வைத்துவிட்டால், அதாவது குறி வைக்கும் இடமும் தோட்டா படும் இடமும் ஒன்றாகும்படி செய்துவிட்டால், குமிழ் ஜீரோவிலேயே நிற்கட்டும். காற்றுக்குக் குறிப்புள்ளியைக் கண்ணால் விலக்கிப் பிடியுங்கள்.

முதலில் குமிழுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் மெல்லிய உட்குழாய் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் அது ஒரு மூட்டில் அசையும். முன்பக்கத்தை மேலிருந்து எலிவேஷன் திருகும், வலப்பக்கத்திலிருந்து விண்டேஜ் திருகும் அழுத்திக்கொண்டிருக்கும். எதிர் மூலையில், அதாவது கீழே இடப்பக்கமாக, ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். நீங்கள் குமிழைத் திருப்பினால் திருகு ஒரு மயிரிழை உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது, உட்குழாய் சாய்கிறது, குறிப்புள்ளி இடம் மாறுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதில் கவனிக்க வேண்டியது, வெளிக்குழாய் வட்டம் என்பது. உட்குழாய்க்கு நகர இருக்கும் இடமும் வட்டம்தான். ஒருவர் ஸ்கோப்பைக் கோணலாகப் பொருத்திவிட்டு, அந்தக் கோணலைச் சரிக்கட்ட விண்டேஜை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி தூரம் போய்விட்டால், மேலும் கீழும் நகர மிச்சமிருப்பது முழு அளவில் 87 விழுக்காடுதான். ஆரத்தில் எண்பது விழுக்காடு போய்விட்டால் மிச்சம் 60. எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் கணக்கு. 1000 கஜத்துக்கு எலிவேஷன் ஏற்றப் போகும்போது குமிழ் நடுவழியில் முட்டி நிற்கும். மனிதர் ஸ்கோப் செய்த கம்பெனியைத் திட்டுவார். தவறு மேல் திருகில் இல்லை, பக்கத்துத் திருகில்.

ஆகவே ஸ்கோப்பைப் பொருத்துவதற்கு முன்பே விண்டேஜை அதன் இயந்திர நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு கோடி முதல் மறுகோடி வரை கிளிக்குகளை எண்ணிப் பாதிக்குத் திரும்புவது ஒரு வழி. முரட்டுத்தனமாகத் திருப்பி முட்டவிட வேண்டாம். கோடியை நெருங்கும்போது விரலுக்குத் தெரியும். இன்னொரு வழி கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஸ்கோப்பின் முன்வாயை ஒட்ட வைத்து, பெருக்கத்தைக் குறைத்து, வெளிச்சம் உள்ளே போகும்படி உள்ளே பாருங்கள். குறுக்குக் கோடு ஒன்றும் அதன் பிம்பம் ஒன்றுமாக இரண்டு தெரியும். திருகத் திருக ஒன்றை ஒன்று நெருங்கும். இரண்டும் ஒன்றாகும் இடம்தான் நடு. முதல் தடவை பார்ப்பவர்கள் சிறுபிள்ளை மாதிரி சிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேஸையும் வளையங்களையும் நேராகப் பொருத்த வேண்டியது உங்கள் பாடு. நேராகப் பொருத்திய ஸ்கோப்பில் ஜீரோ வைக்க விண்டேஜ் குமிழை ஒரு சில கிளிக்குகளுக்கு மேல் நகர்த்த வேண்டிவராது. முழுச் சுற்று வேண்டியிருந்தால் கழற்றி மறுபடி பொருத்துங்கள். சோம்பல் படாதீர்கள்.

இப்போது ஜீரோ. பெரும்பாலோர் செய்வது என்ன? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரேஞ்சுக்கு வருவார்கள். மூன்று தோட்டா சுடுவார்கள். இரண்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். இரண்டு கிளிக் இடப்பக்கம் திருப்புவார்கள். இன்னும் மூன்று. நடுவில் விழும். மூடியின் பொடித் திருகைத் தளர்த்தி, எண்தகட்டை ஜீரோவுக்கு நகர்த்தி இறுக்கிவிட்டு, டீ குடிக்கப் போவார்கள்.

அப்போது காற்று அடித்துக்கொண்டிருந்ததா என்று கேட்டால் யோசிப்பார்கள். இடமிருந்து மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று இருந்திருந்தால், .308 ரைஃபிளில் 175 கிரெயின் தோட்டா 100 கஜத்திலேயே 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வலப்பக்கம் போகும். நண்பர் திருத்தியது துப்பாக்கியை அல்ல, ஞாயிற்றுக்கிழமைக் காற்றை. அந்தக் காற்று இப்போது இரும்பில் பதிந்துவிட்டது. அடுத்த வாரம் காற்றே இல்லாத விடியற்காலையில் 1000 கஜத்தில் சுட்டால், அந்த இரண்டு கிளிக் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் இடப்பக்கமாகத் தலைகாட்டும். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தோட்டாவைக் குறை சொல்வார்கள், குழலைக் குறை சொல்வார்கள், ஜோசியம் பார்க்காத குறைதான்.

ஜீரோ வைப்பது காற்றில்லாத நேரத்தில் நடக்க வேண்டிய காரியம். வெயில் ஏறுவதற்கு முன், இலை அசையாத வேளை. அதுவும் 100 மீட்டரில் வைத்தால் போதும்; அந்தத் தூரத்தில் காற்றின் கைவரிசை மிகக் குறைவு. 300 மீட்டரில் ஜீரோ வைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் காற்றையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, மூன்று தோட்டாவை நம்பாதீர்கள். நல்ல துப்பாக்கியும் ஒரே ஓட்டையில் சுடாது, சிதறும். சிதறலின் நடு எங்கே என்பதுதான் நமக்கு வேண்டும். மூன்று தோட்டாவின் நடு, உண்மையான நடுவிலிருந்து தள்ளியிருக்கக்கூடிய அளவு, ஒற்றைத் தோட்டாவின் சிதறலில் 58 விழுக்காடு. பத்து சுட்டால் அது 32 ஆகக் குறையும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிற கணக்கு. தோட்டா விலை எனக்கும் தெரியும். இருந்தாலும் ஜீரோவுக்குப் பத்து தோட்டா செலவு செய்யாதவர், பிறகு ஒரு பெட்டியே செலவு செய்து குழம்புவார்.

அடுத்து, காற்று தோட்டாவை என்ன செய்கிறது? காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, தோட்டா நகர்கிறது என்று நாம் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இசிதோர் திதியோன் என்ற பிரெஞ்சு பீரங்கி நிபுணர் சொன்ன சூத்திரம் இன்றும் நிற்கிறது. தோட்டா குறியை அடைய உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, காற்றுத் தடையே இல்லாத வெற்றிடத்தில் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தைக் கழியுங்கள். கிடைப்பது தாமதம். அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். அவ்வளவுதான் பக்கவாட்டு விலகல். வினாடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்பும் அந்த .308 தோட்டா 1000 கஜத்துக்கு ஏறத்தாழ 1.7 வினாடி எடுக்கும். தடையே இல்லையென்றால் 1.15 வினாடியில் போயிருக்கும். தாமதம் அரை வினாடிக்குச் சற்று அதிகம். மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று என்றால் விலகல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஒரு ஆள் படுத்தால்கூட அந்த நீளம் வராது. அதே காற்றில் 500 கஜத்தில் விலகல் அரை மீட்டர்தான். தூரம் இரண்டு மடங்கானால் விலகல் ஐந்து மடங்காகிறது.

இந்தக் கணக்கை இலக்கு அட்டையோடு பொருத்திப் பாருங்கள். எஃப்-கிளாஸ் என்று ஒரு போட்டி. படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாக 1000 கஜம் வரை சுடுவது. கனடாவின் ஜார்ஜ் ஃபர்கார்சன் தொடங்கிவைத்தது. அந்த ‘எஃப்’ அவர் பெயரின் முதல் எழுத்து. அமெரிக்க விதிப்படி 1000 கஜ அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10 அங்குலம். நம் .308 தோட்டாவுக்குக் காற்றின் வேகத்தை மணிக்கு வெறும் 1.6 கிலோமீட்டர் தப்பாக ஊகித்தால் விலகல் 10 அங்குலம். நடுவில் வைத்த குறி வட்டத்தைத் தாண்டி ஒன்பதில் போய் விழும். நாம் நிதானமாக நடந்தாலே மணிக்கு நாலைந்து கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு பிசகுக்கு இவ்வளவு தண்டனை. இவ்வளவு நுணுக்கமான ஒன்றை, நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற ஒன்றை, குமிழில் ஏற்றி வைத்துவிட்டு அது சரியாக இருக்கும் என்று நம்புவது எனக்குப் புரியாத தைரியம்.

காற்றைப் படிப்பவர்கள் எண்ணைவிட முதலில் திசையைப் பார்ப்பார்கள். நேர் குறுக்கே, அதாவது கடிகாரத்தில் மூன்று மணி அல்லது ஒன்பது மணி திசையிலிருந்து வந்தால் முழு மதிப்பு. ஒரு மணி, ஐந்து மணி, ஏழு மணி, பதினொரு மணித் திசைகளுக்குப் பாதி மதிப்பு. பிறகு கானல். தரையின் சூட்டில் நெளியும் கானலை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தண்ணீர் ஓடுவது போலத் தெரியும். ஓடாமல் நேர் மேலே கொதித்தால் அந்தக் கணம் குறுக்குக் காற்று இல்லை, அல்லது திசை மாறப்போகிறது. கொதிக்கும்போது அவசரப்பட்டுச் சுடுகிறவன் ஏமாறுவான். அடுத்த நொடி அது எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியாது. கானல் நெளியும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணுக்குள் குறியை அரை மில் நகர்த்திவிடலாம். குமிழைத் திருப்ப வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும், எண்ணைப் பார்க்க வேண்டும், மறுபடி கன்னத்தைப் பதிக்க வேண்டும். அதற்குள் கானல் வேறு பேச்சு பேசிக்கொண்டிருக்கும்.

விலக்கிப் பிடிப்பது என்று நான் சொல்வது காட்டுத்தனமான பழைய முறை இல்லையா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இதற்குக் கென்டக்கி விண்டேஜ் என்று பெயர். சற்று இளக்காரமாகத்தான் சொல்வார்கள். வெறும் குறுக்குக் கோட்டை வைத்துக்கொண்டு ‘ஒரு ஆள் அகலம் தள்ளிப் பிடி’ என்பது இளக்காரத்துக்கு உரியதுதான். ஆனால் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க மரீன் படைக்காக மில்-டாட் ரெட்டிகிள் வந்தது. குறுக்குக் கோட்டில் ஒரு மில்லுக்கு ஒரு புள்ளி. இன்று அரை மில், 0.2 மில் வரை கோடு போட்டிருக்கிறார்கள்; கீழே கிளை கிளையாக விரியும் கிறிஸ்துமஸ் மர ரெட்டிகிள்கூட உண்டு. அளவுகோல் கண் முன்னே இருக்கும்போது விலக்கிப் பிடிப்பது ஊகம் அல்ல, அளப்பது. ஊகம் காற்றின் வேகத்தில் மட்டும்தான். அந்த ஊகம் குமிழைத் திருப்பினாலும் அதே ஊகம்தான்.

ஒரு எச்சரிக்கை. ரெட்டிகிள் இரண்டாவது குவிதளத்தில் இருக்கும் ஸ்கோப்புகளில் அந்தப் புள்ளிகள் சரியான அளவைக் காட்டுவது ஒரே ஒரு பெருக்கத்தில், பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில். பாதிப் பெருக்கத்தில் ஒரு மில் இரண்டு மில்லாகிவிடும். முதல் குவிதள ஸ்கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. கையில் இருப்பது எது என்று தெரியாமல் விலக்கிப் பிடிப்பவருக்கு என் பேச்சு உதவாது.

இந்த விவாதத்தை ராணுவங்கள் நூறு ஆண்டுக்கு முன்பே நடத்தி முடித்துவிட்டன. உங்களில் சிலர் என்.சி.சி.யில் .303 ரைஃபிளைத் தூக்கியிருப்பீர்கள். அந்தத் துப்பாக்கியின் முன்னோர், 1907இல் வந்த லீ-என்ஃபீல்டு மார்க் மூன்று. அதன் பின்சைட்டில் பக்கவாட்டில் நகர்த்த ஒரு விண்டேஜ் திருகு இருந்தது. முதல் உலகப் போரில் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் வேண்டியிருந்தபோது, 1916இல், தேவையில்லாதவற்றை வெட்டினார்கள். வெட்டியவற்றில் அந்த விண்டேஜ் திருகும் ஒன்று. நட்சத்திரம் போட்ட மார்க் மூன்று என்று அதற்குப் பெயர். மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையும் அதைச் செய்தது. அமெரிக்கர்களும் இதிலிருந்து தப்பவில்லை. அவர்களுடைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் அருமையான விண்டேஜ் இருந்தது. ஆனால் பிரான்சுக்குப் போன அமெரிக்கப் படையினரில் அதிகம் பேர் தூக்கிச் சென்றது 1917 மாடல் என்ஃபீல்டு. அதன் பின்சைட்டில் விண்டேஜ் சரிசெய்யும் வசதியே கிடையாது. காசு மிச்சம், நேரம் மிச்சம் என்பதுதான் முதல் காரணம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் முன்சைட்டை ஆயுதப் பணிமனையில் ஒருமுறை தட்டி நேராக்கிவிட்டு, காற்றுக்கு வீரனே தள்ளிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டதில் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை. சிப்பாய் கையில் இருக்கும் ஒவ்வொரு திருகும் சிப்பாய் மறக்கக்கூடிய திருகு.

மறதியைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். இன்று உலகெங்கும் நடக்கும் பிரிசிஷன் ரைஃபிள் போட்டிகளில் ஒரு கட்டத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம். அதற்குள் வெவ்வேறு தூரத்தில் நாலைந்து இரும்புத் தகடுகள், சில நேரம் வெவ்வேறு திசையில். ஒருவர் முதல் தகட்டுக்கு இடப்பக்கம் 0.8 மில் குமிழில் ஏற்றுகிறார். படுகிறது. இரண்டாவது தகடு மேட்டுக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக இருக்கிறது, அங்கே காற்று பாதி. அவர் குமிழைக் குறைக்க மறந்து, கூடவே ரெட்டிகிளிலும் 0.4 பிடிக்கிறார். மொத்தம் 1.2. மண் பறக்கிறது. காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து எதிர்ப்பக்கம் திருத்துகிறார். அடுத்த கட்டத்துக்கு நடந்து போகும்போதும் அந்த 0.8 குமிழிலேயே இருக்கிறது. குமிழ் வலப்பக்கத்தில் இருப்பதால் சுடும் நிலையில் அந்த எண் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. எலிவேஷனை மறந்தால் தோட்டா தரையில் புழுதி கிளப்பிக் காட்டிக்கொடுக்கும். விண்டேஜை மறந்தால் காற்றின் மேல் பழியைப் போட்டு நாளெல்லாம் ஓட்டலாம். அதனால்தான் நீண்ட தூர ஸ்கோப்புகள் பலவற்றில் எலிவேஷன் குமிழைத் திறந்து வைத்துவிட்டு விண்டேஜ் குமிழுக்கு மட்டும் மூடி போடுகிறார்கள். அந்த மூடியைக் கழற்றித் தொலைத்துவிட்டுப் பெருமையாகத் திரிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பக்கம் என்ற குழப்பம் வேறு. குமிழில் ‘ஆர்’ என்று அம்புக்குறி போட்டிருந்தால், அந்தப் பக்கம் திருப்பினால் தோட்டா வலப்பக்கம் போகும் என்று அர்த்தம். காற்று வலமிருந்து வருகிறதா, தோட்டா வலப்பக்கம் போக வேண்டுமா என்று அவசரத்தில் தடுமாறாதவர் குறைவு. எல்லா ஸ்கோப்பும் ஒரே திசையில் திரும்புவதும் இல்லை. ரெட்டிகிளில் பிடிக்கும்போது இந்தக் குழப்பம் பெரும்பாலும் எழுவதில்லை. காற்று வரும் பக்கமாகத் துப்பாக்கியை நகர்த்துகிறீர்கள். உடம்புக்கே அது புரியும்.

விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் ஸ்டிக்கிள்டவுன் சுடுதளம் இருக்கிறது. தேசிய ரைஃபிள் சங்கம் 1890இல் விம்பிள்டனிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. அங்கே டார்கெட் ரைஃபிள் பிரிவில் ஸ்கோப் கிடையாது. துளை சைட்டுதான். வட்டத்துக்குள் வட்டமாகக் கறுப்புப் புள்ளியை நடுவில் நிறுத்திச் சுட வேண்டும். நடுவில் நிறுத்துவதில்தான் கண்ணுக்கு வல்லமை. தள்ளிப் பிடி என்றால் கண்ணுக்கு ஆதாரமே இல்லை. அதனால் அவர்கள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொடியைப் பார்த்து விண்டேஜைத் திருப்புகிறார்கள். ஒவ்வொரு திருப்பலையும் வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குச் சரி. நம் ஊர் 50 மீட்டர் ரைஃபிள்காரர்களுக்கும் அதே நிலைதான். ஒலிம்பிக் விதியில் அங்கே ஸ்கோப்புக்கு இடமில்லை. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்; மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று .22 தோட்டாவை 50 மீட்டரில் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் தள்ளிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கூரைக்குக் கீழே நடப்பது. காற்றைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

எஃப்-கிளாஸில் இரண்டு கட்சியும் உண்டு. ஒரே தூரம், ஒரே அட்டை, இருபது தோட்டா, காற்றும் பொதுவாக ஒரே பக்கமிருந்து. அங்கே அடிப்படைக் காற்றைக் குமிழில் ஏற்றிவிட்டு, ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் விலக்கிப் பிடிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிபந்தனை: ஏற்றிய எண்ணைத் தாளில் எழுதுங்கள், கடைசித் தோட்டாவின் உறை வெளியே விழுந்ததும், எழுந்திருப்பதற்கு முன் குமிழை ஜீரோவுக்குக் கொண்டுவாருங்கள். எழுந்த பிறகு செய்வேன் என்பவர் செய்ய மாட்டார்.

சின்னச் சின்னச் சறுக்கல்கள் பெரிய போட்டிகளைத் தீர்மானித்திருக்கின்றன. 1874இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. 800, 900, 1000 கஜம். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளின் முன்சைட்டிலேயே காற்றுக்கு நகர்த்தும் திருகும் ரசமட்டக் குழாயும் இருந்தன. கருவியில் குறையில்லை. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்தின் மில்னர் ஒரு தோட்டாவை நட்டநடுவில் அடித்தார், பக்கத்து ஆளின் அட்டையில். நடுவுக்கு அப்போது நாலு புள்ளி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ரசமட்டக் குழாய் சும்மா வைத்ததல்ல. குமிழ் ஜீரோவில் இருந்தும் தோட்டா ஒரு பக்கமாகவே போகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நோய் சாய்வு. துப்பாக்கியை ஒரு பாகை சாய்த்துப் பிடித்தால் 100 கஜத்தில் ஒன்றும் தெரியாது. 1000 கஜத்துக்கு ஏற்றியிருக்கும்போது, தோட்டா விழும் பத்து மீட்டரில் ஒரு பாகையின் சைன், அதாவது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், பக்கவாட்டில் போய்விடும். துப்பாக்கி நேராக இருந்து ஸ்கோப் வளையத்துக்குள் லேசாகத் திரும்பியிருந்தாலும் இதே கதைதான். சோதிக்க வழி எளிது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை வாங்கி, 100 மீட்டரில் உயரமான அட்டை மேல் தொங்கவிட்டு, அந்த நூலை ஒட்டிக் கோடு போடுங்கள். கீழே ஒரு குறி. ஜீரோவில் சுடுங்கள். பிறகு அதே குறியைப் பார்த்தபடி எலிவேஷனை மட்டும் 10 மில் ஏற்றிச் சுடுங்கள். தோட்டாக்கள் ஒரு மீட்டர் மேலே, கோட்டின் மேலேயே விழ வேண்டும். இடமோ வலமோ ஒதுங்கினால் விண்டேஜைத் தொடாதீர்கள்; வளையத்தைத் தளர்த்தி ஸ்கோப்பைத் திருப்புங்கள்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். வலப்புறம் சுழலும் தோட்டா காற்றே இல்லாவிட்டாலும் வலப்பக்கம் ஒதுங்கும்; .308க்கு 1000 கஜத்தில் இருபது சென்டிமீட்டருக்கு மேல். இதற்கென்று நிரந்தரமாக ஒரு கிளிக் இடப்பக்கம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வேண்டாம். 300 மீட்டரில் அது உங்களைக் காட்டிக்கொடுக்கும். அந்தந்தத் தூரத்துக்குரிய விலக்கலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, அதே தோட்டா வலமிருந்து வரும் காற்றில் இடப்பக்கம் போவதோடு சற்று மேலேயும் ஏறும். இடமிருந்து வரும் காற்றில் வலப்பக்கம் போவதோடு சற்றுக் கீழேயும் இறங்கும். அட்டையில் ஓட்டைகள் சாய்வாக வரிசைகட்டினால் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, ஒரு மாணவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார்: ஜீரோ உண்மையிலேயே நகர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரயிலில் கொண்டு போன பிறகு, ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிய பிறகு, தோட்டாவின் லாட் மாறிய பிறகு நகரலாம். ஆனால் ஒரு நாள் ஒதுங்கியது என்பதற்காகக் குமிழுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் பேஸ், வளையம், கட்டைத் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முறுக்குமானியால் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே மாட்டுவான். பிறகு காற்றில்லாத காலையில், 100 மீட்டரில், பத்து தோட்டா. மறுநாள் காலை இன்னொரு பத்து. இரண்டு நாளும் நடு ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் அது துப்பாக்கியின் பேச்சு. அப்போது மட்டும் மூடியைத் திறந்து, வேண்டிய கிளிக்குகளைத் திருப்பி, எண்தகட்டை மறுபடி ஜீரோவில் நிறுத்தி, தேதியையும் தோட்டா லாட்டையும் நோட்டில் எழுதிவிட்டு மூடியைப் போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். ரெட்டிகிள் வரைபடம் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்; முன்வரிசையிலிருந்து அனுப்பி வைக்கிறேன்.